விதை ஓர் அமானிதம்

கொல்லிமலை என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் வல்வில் ஓரியின் பெயரே முதலில் எழும். சங்கப் புலவர் பாடிய மலை அது. வில்லாற்றலும் கொடையும் ஒருங்கே வாய்ந்த வள்ளல் ஆண்ட மலை அது. ஆயினும், மன்னர் வரலாறு மட்டுமே ஒரு மண்ணின் வரலாறு ஆகிவிடாது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் திண்ணனூர் நாடு, வளவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பெற்ற ஓர் உயர்நிலத்தை அடைகிறோம். அங்கு வாழும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களின் வீடுகளில், எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படாத மற்றொரு வரலாறு காக்கப்பட்டு வந்தது. அதன் இருப்பிடத்திற்குத் தொம்பை என்று பெயர்.

மூங்கிலைப் பின்னி, அதன்மேல் மண்ணும் சாணமும் பூசி எழுப்பப்படும் குதிர்தான் தொம்பை. அதனுள் தானியம் மட்டும் இருந்ததில்லை. அடுத்த பருவத்திற்குரிய விதையும் இருந்தது. சாமை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதை அம்மக்கள் மல்லியச்சாமை, திரிகுலசாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பிரித்தறிந்தனர். தினையிலும் செந்தினை, பெருந்தினை முதலிய வகைகள் இருந்தன, கேழ்வரகிலும் அவ்வாறே. மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று, மேட்டுச் சரிவுக்கு ஒன்று, வீட்டையொட்டிய வளமான நிலத்திற்கு ஒன்று என்று காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப விதை தேர்ந்து வைத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பதும் இங்கே கருதத்தக்கது.

பின்னர் மரவள்ளி வந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் தேவை மலைமேலும் எட்டிற்று. கைக்குக் காசு தரும் பயிரின் முன் சாமையும் தினையும் பின்வாங்கின. ஒரு வகை விதை நான்கைந்து ஆண்டுகள் விதைக்கப்படாமற் போனால், அதன் முளைப்புத்திறன் குன்றி, அந்த வகையே அவ்வூரிலிருந்து மறைந்துவிடுகிறது. 1988-இல் சென்னையில் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கி, அம்மக்களையே முன்னிறுத்திச் சமுதாய விதை வங்கிகளை உருவாக்கியது. அதற்கு அவர்கள் தேடிச் சென்ற கருவி புதியதன்று. பழைய தொம்பையே மீண்டும் பூசி மெழுகப்பட்டது.

தொம்பையைப் பேசத் தொடங்கிய இக்கட்டுரை, தக்காளியைப் பற்றியே மேலும் பேசவிருக்கிறது. காரணம் உண்டு. சாமையும் தினையும் விதைக்க நம்மில் பலருக்கு நிலமில்லை. ஆனால், மாடியிலோ முற்றத்திலோ நான்கு தொட்டி வைக்க இடமில்லாத வீடு அரிது. விதையைப் பேணுதல் என்னும் மலைவாழ் மக்களின் ஒழுக்கத்தை நகரத்துக் குடும்பமும் கைக்கொள்ளுதற்கு ஏற்ற பயிர் தக்காளி. அதன் வரலாறோ, நம் சமுதாயத்தின் அறிவு வரலாற்றோடு ஒரு வகையில் பின்னிக் கிடக்கிறது.

தக்காளி என்னும் சொல் பழையது. அச்சொல் இன்று குறிக்கும் காய் புதியது. வரப்பிலும் வேலியோரத்திலும் தானே முளைத்து, மெல்லிய உறைக்குள் சிறு பழம் தரும் சிறுதக்காளியும், கீரையாகவும் மருந்தாகவும் நாம் உண்ணும் மணத்தக்காளியும் இந்நாட்டில் முன்பே அறியப்பட்டவை. கடல் கடந்து வந்த புதிய காய்க்கு நம் முன்னோர் அவற்றின் உறவைக் கண்டு, சீமைத் தக்காளி என்று பெயரிட்டனர். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்தது; பெயர் முழுவதையும் வந்தேறியே எடுத்துக்கொண்டது. வங்காளத்தார் இதே காயைக் கத்தரியின் உறவாகக் கண்டு, ‘பிலாத்தி பேகுன்’ என்றனர்; சீமைக் கத்தரி என்பது அதன் பொருள். அரபு மக்களோ இத்தாலியரின் ‘பொமொதோரோ’வைத் தழுவி ‘பனதூரா’ என்றும், அமெரிக்கப் பழங்குடியினரின் மூலச் சொல்லைத் தழுவித் ‘தமாத்திம்’ என்றும் வழங்குகின்றனர். பெயர்களே பயண வழியைச் சொல்லிவிடுகின்றன.

இதற்கு நேர் எதிரான பயணம் ஒன்றும் உண்டு. கத்தரி நம் நாட்டுக் காய். அது பாரசீகத்தில் ‘பாதின்கான்’ ஆகி, அரபியில் ‘பாதின்ஜான்’ ஆகி, முஸ்லிம்களின் கைவழியே ஸ்பெயினை அடைந்தது. அரபியின் ‘அல்’ என்னும் முன்னொட்டோடு அங்கு வேரூன்றிய அச்சொல்லே பிரெஞ்சு மொழியில் ‘ஒபெர்ஜின்’ என நிலைத்தது. கத்தரியோடு நெல், கரும்பு, எலுமிச்சை, பசலை முதலியனவும் மேற்கே சென்றன. வாளேந்திச் சென்றவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. விதையேந்திச் சென்றவர்களின் வரலாறு சொல்லப்படுவதில்லை.

அத்தகையோருள் ஒருவர் ஸஃபர். உமையா மரபில் வந்து, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் ஆட்சி நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் (756–788), குர்துபா நகருக்கு வெளியே ருஸாஃபா என்னும் தோட்டத்தை அமைத்தார். சிரியாவிலிருந்து அவருக்கு மாதுளம் பழங்கள் வந்தன. அவற்றுள் சில, ஜோர்தான் படைப்பிரிவைச் சேர்ந்த ஸஃபருக்குக் கிடைத்தன. அவர் அவற்றை உண்டு முடித்துவிடவில்லை. மாலகாவை அடுத்த தம் சிற்றூருக்குக் கொண்டு சென்று, விதையை ஊன்றி, நாற்றைப் பேணி, மரமாக்கி, கனிந்த பழத்தை அமீரிடமே திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அமீர் வியந்தார். அன்று முதல் அம்மாதுளை ‘ஸஃபரீ’ எனப் பெயர் பெற்றது. ஸ்பானிய மொழியில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அமீரின் அரண்மனைகள் அழிந்தன. ஸஃபரின் பழம் அழியவில்லை.

அந்தத் தனிமனிதரின் ஆர்வம் பின்னர் ஒரு கலையாகவே வளர்ந்தது. பதினோராம் நூற்றாண்டில் துலைத்துலா, அதாவது டொலெடோவின் அரசர் மஃமூனின் தோட்டங்களில் இப்னு பஸ்ஸால் பணியாற்றினார். 1085-இல் அந்நகர் வீழ்ந்த பின் அவர் இஷ்பீலியாவுக்கு, இன்றைய செவிலுக்குச் சென்று தம் ஆய்வைத் தொடர்ந்தார். அடுத்த நூற்றாண்டில் அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வை இயற்றினார். 34 இயல்கள் கொண்ட அப்பெருநூல் 585 செடிவகைகளைப் பற்றிப் பேசுகிறது. மண்ணின் தன்மை, எரு, நீர், ஒட்டுக்கட்டல், விதை காத்தல் யாவும் அதில் உண்டு. முன்னோர் நூல்களிலிருந்து எடுத்ததை எடுத்ததென்று சொல்லி, தாமே விளைத்துப் பார்த்ததைத் தனியே குறிப்பது அவர் வழக்கம். ஹதீஸ் கலையின் அறிவிப்பாளர் வரிசையைப் பேணிய சமுதாயத்தில் பிறந்தவர் அல்லரோ அவர்! 1802-இல் அந்நூல் மத்ரிதில் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சேறியது.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில் கொலம்பஸ் புறப்பட்டார். 1503 முதல் அமெரிக்க வணிகத்திற்கு உரிய ஒரே துறையாக ஸ்பானிய அரசு வகுத்தது செவில் நகரையே. மெக்சிகோவின் செல்வங்களும் செடிகளும் வந்திறங்கியது இப்னுல் அவ்வாமின் ஊரில்! 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைத் தம் நூலில் குறிக்கிறார். 585 செடிகளை அறிந்த அப்பெரியார் காணாத ஒரு செடி, அவர் காலத்திற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அவர் வாழ்ந்த நிலத்தின் வழியே உலகை வலம் வரத் தொடங்கியது.

இந்தியாவுக்கு அது போர்த்துக்கீசியர் வழியே வந்தது என்பர். ஆயினும் நம் அடுப்பங்கரையை அது எளிதில் வென்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் வாட் தொகுத்த பொருளாதார விளைபொருள் அகராதி, தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரிடப்பட்டதாகவும், நாட்டு மக்கள் அப்போதுதான் அதன் சுவையை உணரத் தொடங்கியிருந்ததாகவும் தெரிவிக்கிறது. புளியும் மாங்காயும் தயிரும் புளிப்பைத் தந்துகொண்டிருந்த வீடுகளில் சீமைத் தக்காளிக்கு என்ன அவசரம்? இன்றோ பிரியாணியும் தாளிச்சாவும் அதனின்றி அமைவதில்லை. 2023 ஜூலையில் அதன் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே கலங்கியதைக் கண்டோம்.

ஆனால், பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு: “பழைய தக்காளியின் ருசி இப்போது இல்லை.” இதனை வெறும் முதுமைப் புலம்பல் என்று தள்ளிவிடுதற்கில்லை. முற்காலத் தக்காளிகளில் காம்பைச் சுற்றித் தோள்பகுதி கரும்பச்சையாக இருக்கும். கடையில் அடுக்கும்போது எல்லாம் ஒரே நிறமாக இருப்பதே அழகு என்று கருதிய மேலைநாட்டு விதை வல்லுநர்கள், பச்சைத் தோள் இல்லாத செடிகளையே ஏறத்தாழ 70 ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வந்தனர். 2012-இல் அமெரிக்காவின் டேவிஸ், கார்னெல் பல்கலைக்கழகங்களையும் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் உண்மையை வெளியிட்டனர். அந்தப் பச்சைத் தோள்தான் காயிலேயே ஒளியை உண்டு சர்க்கரை ஆக்கும் இடம். அதனை நீக்கியபோது இனிப்பின் ஒரு பகுதியும் நீங்கிவிட்டது என்பதே அவ்வுண்மை. நிறத்தைத் தேடிச் சுவையை இழந்த கதை இது. நம் தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, தேனி வட்டாரத்து ‘அன்னஞ்சி’ என்னும் நாட்டு வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 பச்சைத் தோளை விடாமல் வைத்திருக்கிறது என்பது மனத்தில் கொள்ளத்தக்கது. ஒரு சிற்றூரின் நாட்டு விதை இல்லையேல் அந்த வகையும் இல்லை.

இழந்த இனிமையை மீட்டதும் விதையே. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் ஹியூ இல்டிஸ் என்னும் தாவரவியலார் தம் துணைவர் ஒருவருடன் பெரு நாட்டு மலைகளில் செடி தொகுத்துக்கொண்டிருந்தார். அங்கு, எவரும் பொருட்படுத்தாத ஒரு களை, பச்சை நிறச் சிறு தக்காளிகளைக் காய்த்திருந்தது. அதன் விதைகளை உலர்த்தி, தக்காளி ஆய்வில் தலைசிறந்த சார்லஸ் ரிக் என்பாருக்கு அனுப்பினார். பல ஆண்டுக் கலப்புக்குப் பின், சர்க்கரையும் திடப்பொருளும் மிகுந்த பழம் தரும் தக்காளி அதிலிருந்து கிடைத்தது. 1976-இல் அக்களைக்குத் தனி இனமென்று பெயரும் சூட்டப்பட்டது. உண்ணத் தகாத அக்காயின் விதைக்குள் உலகச் சந்தைக்கு வேண்டிய இனிமையை இறைவன் ஒளித்து வைத்திருந்தான். எதை எறிந்துவிட்டோம், எதை வைத்துக்கொண்டோம் என்பதை அறியாமலே நாம் எறிந்துகொண்டிருக்கிறோம் அன்றோ? கொல்லிமலைத் தொம்பையில் ஒரு சாமை வகை தீர்ந்துபோவது எத்தகைய இழப்பு என்பது இப்போது விளங்கும்.

வீரிய ஒட்டு விதைகளைப் பற்றியும் நடுநிலையோடு ஒரு சொல். அவை மிகுதியாக விளைகின்றன. சில நோய்களைத் தாங்குகின்றன. உழவர்கள் அவற்றை நாடுவதில் குற்றமில்லை. ஆனால் ஒட்டுச் செடியின் பழத்திலிருந்து எடுக்கும் விதை, தாயைப் போலவே விளைவதில்லை; தலைமுறைக்குத் தலைமுறை குணம் சிதறுகிறது. எனவே, ஆண்டுதோறும் கடைக்குச் செல்ல வேண்டியதாகிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிரவும் உழவருக்கு உரிமை அளித்துள்ளது. வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே விலக்கியுள்ளது. சட்டம் தந்த அவ்வுரிமை, சேமிக்கத்தக்க விதை கையில் இருந்தால்தானே பயன்படும்?

ஆகவே, நம் வீடுகளில் செய்யத்தக்கது இது. நாட்டு வகை அல்லது ஒட்டு அல்லாத செர்ரித் தக்காளி விதையைத் தேர்க. தக்காளியின் காட்டு மூதாதை திராட்சை அளவே உள்ள பழம். அதன் சாயலில் வந்த சிறு தக்காளிகளில் இனிப்பு செறிந்திருக்கும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் 5 முதல் 10 நாட்களில் முளைக்கும். 25 நாள் நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றி, கொம்பு நட்டுக் கட்ட வேண்டும். கத்தரியோ மிளகாயோ வாடிப்போன மண்ணில் இதனை நடலாகாது. அவை ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். இலை வெயிலை உண்டால்தான் பழத்தில் சர்க்கரை ஏறும். காய் நிறம் மாறத் தொடங்கியபின் நீரை அளவோடு விடுக. மிகுந்த நீர் சுவையைக் கரைத்துவிடும். செடியிலேயே பழுக்க விடுக.

குளிர்நாட்டார் வெப்பத்தைச் சேர்த்து வைப்பதற்காகக் கண்ணாடிப் பசுமைக்குடில் அமைக்கின்றனர். நமக்கோ கோடையின் கடும் வெயிலைத் தணிக்கும் நிழல்வலை போதும். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் பூ உதிரும். இரவும் புழுங்கினால் பிஞ்சு பிடிக்காது. 1000 மீட்டர் உயரத்திலுள்ள கொல்லிமலை நாடுகளின் குளிர்ந்த இரவு தக்காளிக்கு இயல்பாகவே ஏற்றது. பகலில் சேர்ந்த சர்க்கரையை இரவின் குளிர் காத்துக் கொடுக்கிறது. சமவெளியில் உள்ளோர் கார்த்திகையில் நாற்றுவிட்டால், தை, மாசிக் குளிரில் செடி பூக்கும்.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. ஆனால் காற்றோ வண்டோ அதனைச் சற்றே அதிர்விக்க வேண்டும். அடைத்த குடிலில் வளர்ப்போர், முற்பகலில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். மதீனத்து மக்கள் பேரீச்சைக்கு மகரந்தம் சேர்த்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதுபற்றிச் சொன்ன கருத்தைக் கேட்டு அவர்கள் அதை விட்டபோது விளைச்சல் குன்றியதையும், அப்போது அண்ணலார் உலகியல் தொழில் நுட்பத்தை அதனை அறிந்தவர்களிடமே ஒப்படைத்ததையும் ஸஹீஹ் முஸ்லிம் வழியே அறிகிறோம். தோட்டக்கலையை அனுபவத்தாலும் ஆய்வாலும் கற்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி நமக்கு வேண்டுவதில்லை.

விதை எடுக்கும் முறையும் எளிது. இருப்பதிலேயே நலமான இரண்டு மூன்று செடிகளைக் குறித்து வைத்து, அவற்றில் நன்கு கனிந்த பழங்களைப் பிழிந்து, சாற்றோடு விதையை ஒன்று இரண்டு நாள் ஊறவிடுக. விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு, முளையைத் தடுப்பது. புளித்தவுடன் அது கழன்றுவிடும். பின் கழுவி, மிதப்பதை நீக்கி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில் வகையும் ஆண்டும் எழுதி வைத்தால், நான்கு ஆண்டுகள் வரை முளைப்புத்திறன் இருக்கும். அப்புட்டிதான் நம் வீட்டுத் தொம்பை.

விதையைப் பகிர்வதில் நம்மவர் கவனிக்க வேண்டிய மார்க்கச் செய்தி ஒன்றுண்டு. விதை வங்கிகளில், வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்பித் தரும் வழக்கம் உண்டு. பொது நன்மைக்காக அவர்கள் வகுத்துக்கொண்ட முறை அது. ஆனால், கடனாகக் கொடுத்த பொருளுக்கு நிபந்தனையிட்டுக் கூடுதல் பெறுவது வட்டி என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆதலின் நம்மிடையே விதைக்கடன் அளவுக்கு அளவாகவே இருக்கட்டும். பெற்றவர் தாமாக மனமுவந்து மிகுதியோ மேலானதோ தந்தால் அது நபிவழி. அண்ணலார் தாம் வாங்கிய ஒட்டகத்தைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அல்லரோ! அதனினும் மேலானது, அன்பளிப்பாகவே கொடுத்துவிடுவது. மகளுக்குச் சீர் அனுப்பும்போது ஒரு பொட்டலம் விதையும் அதில் இருக்கட்டும்.

விதைப்பவன் நட்டதில் பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் அது அவனுக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபிமொழி நமக்கு அறிவிக்கிறது. மாடித் தக்காளியை அணில் கடித்துவிட்டதென்று வருந்தும் சிறுவனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் நாற்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கம் இது. முளைக்கச் செய்பவர்கள் நீங்களா, நாமா என்று திருமறையின் அல்வாகிஆ அத்தியாயத்தில் இறைவன் வினவுகிறான். முளைக்கச் செய்வது அவன் வேலை; நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, விதையைக் கெடாமல் அடுத்தவர் கையில் சேர்ப்பது மட்டுமே. படிப்பறிவு குறைந்தவர்கள் என்று நாம் எண்ணும் மலைவாழ் பெண்கள் அந்த அமானிதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக் காட்டினர். படித்த நாம் ஒரு புட்டி அளவாவது காக்க வேண்டாமா?